மொரீஷியஸில் எந்தக் கரையில் தங்குவது? ஹோட்டலைப் பார்க்கும் முன் காற்றைப் பாருங்கள்

அண்மையில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஜனவரியில் தேனிலவுக்குப் போகும் தம்பி ஒருவர். மே விடுமுறையில் மாமனார் மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேராகக் கிளம்பும் ஒரு அக்கா. ஆகஸ்டில் போகும் நான்கு நண்பர்கள். மூவர் கையிலும் ஏஜென்ட் கொடுத்த பட்டியல் இருந்தது. ஐந்தாறு ஹோட்டல்கள், எல்லாவற்றின் படத்திலும் நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. இதில் எதை எடுக்கட்டும் என்றார்கள்.

ஹோட்டல் தீவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். மூவருக்கும் தெரியவில்லை. சின்னத் தீவுதானே, எங்கே தங்கினால் என்ன என்று நினைத்திருந்தார்கள்.

நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். ஜூலையில் கிழக்குக் கரையில் அறை போட்டிருந்தோம். ஹோட்டலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நாளும் காற்று. விரித்த துண்டு பறந்தது, வாயைத் திறந்தால் மணல், பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு அறைக்கு ஓடினார்கள். நாலாம் நாள் காரை எடுத்துக்கொண்டு மேற்கே போனோம். ஒன்றேகால் மணி நேரத்தில் வேறு ஊர், வேறு வானம். கடல் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அன்றைக்குப் புரிந்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

## நடுவில் மலை, சுற்றிலும் பவளம்

மொரீஷியஸின் முதன்மைத் தீவு ஏறக்குறைய 1,865 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைதான் இந்தத் தீவு. அது இப்போது உறங்குகிறது. நெருப்புக் குழம்பு வழிவதைப் பார்க்க ஆசை என்றால் பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குத்தான் போக வேண்டும். மொரீஷியஸில் எஞ்சியிருப்பவை பழைய எரிமலை வாயின் விளிம்பாக நிற்கும் கூர்மலைகள், மரம் மண்டிய பள்ளங்கள், கரும்புத் தோட்டங்களின் நடுவே பிரமிடு போலக் குவித்து வைத்த கருங்கற்கள். கரும்பு நடுவதற்காக நிலத்திலிருந்து பொறுக்கியெடுத்த கற்கள் அவை. அதைச் செய்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு.

நடுவில் ஒரு மேடு. கியூர்பிப் நகரம் அங்கேதான், சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கிலும் மேற்கிலும் மலைகள் இன்னும் உயர்ந்து 828 மீட்டர் வரை போகின்றன. ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று கிழக்கிலும் தெற்கிலும் நேராக வந்து மோதும். மேட்டில் ஏறி மழையாகக் கொட்டும். மேற்கே இறங்கும்போது காய்ந்துபோயிருக்கும். தேனிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நடுமேட்டில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை மழை. மேற்குக் கரையில் அதில் நாலில் ஒரு பங்குகூட வருவதில்லை. இரண்டுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூடக் கிடையாது.

எரிமலைத் தீவு என்றதும் கரிய மணலை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. இங்கே மணல் வெள்ளை, ஏனென்றால் அது பவளத்தின் பொடி. தீவைச் சுற்றி ஏறக்குறைய முழு வளையமாகப் பவளப்பாறை; அலை அதில் உடைந்துவிடுவதால் உள்ளே இடுப்பளவுத் தண்ணீரில் லகூன். வளையம் அறுந்திருக்கும் இடம் தெற்கில் உண்டு, அதை அங்கே சொல்கிறேன்.

## எதையெதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, போகிற மாதத்தில் அந்தக் கரையின் காற்றும் மழையும். மற்ற நான்கையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. இரண்டாவது, கடல் யாருக்கு: குழந்தைக்கா, நீந்தத் தெரிந்தவருக்கா, அலை தேடுபவருக்கா. மூன்றாவது, விமான நிலையத்துக்கும் பார்க்க வேண்டிய இடங்களுக்கும் உள்ள தூரம். நான்காவது, இருட்டிய பிறகு ஹோட்டலை விட்டு வெளியே நடந்து போய் ஏதாவது சாப்பிட முடியுமா என்பது. ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், கிராமப் பக்கம் பஸ்ஸும் அதோடு அருகிவிடும், நடைபாதை இல்லாத ரோட்டோரம் ஆழமான வாய்க்கால். இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கடைசியாக, விலைப்பட்டியலில் வராத செலவு.

| கரை | காற்று | கடல் | விமான நிலையத்திலிருந்து | இரவில் வெளியே |
|---|---|---|---|---|
| வடக்கு | மிதம் | அமைதி, நீந்தலாம் | ஒன்றேகால் மணி நேரம் | நடந்தே போகலாம் |
| மேற்கு | குறைவு. லெ மோர்னில் மட்டும் பலம் | அமைதி | ஒரு மணி நேரம் | ஃபிளிக் அன் ஃபிளாக்கில் உண்டு |
| கிழக்கு | ஜூன் முதல் செப்டம்பர் வரை பலம் | நீள மணல், ஆழமில்லை | முக்கால் மணி நேரம் | பெரும்பாலும் இல்லை |
| தெற்கு | ஆண்டு முழுதும் உண்டு | இடத்துக்கு இடம் மாறும் | 15 முதல் 50 நிமிடம் | அரிது |

## வடக்கு: கிராண்ட் பே, த்ரூ ஓ பிஷ், பெரிபேர்

ஊர் வேண்டும் என்பவர்களுக்கு வடக்கு. கிராண்ட் பேயில் கடைகள், மருந்தகம், பணம் மாற்றுமிடம், இந்தியச் சாப்பாடு எல்லாம் நடை தூரத்தில். கடற்கரையோரமே சூரிய உதய சங்கம் என்ற தமிழ்க் கோயில், நம் ஊர் வண்ணத்தில். பக்கத்தில் த்ரூ ஓ பிஷ்ஷும் மோன் ஷுவாசியும் தீவின் மிக அமைதியான நீச்சல் கரைகள். தாத்தா பாட்டி கால் நனைக்கவும் பிள்ளைகள் குதிக்கவும் ஏற்றவை. வடக்கே உள்ள குட்டித் தீவுகளுக்கு இங்கிருந்துதான் படகு. பாம்பிள்மூஸ் தோட்டத்தில் தாம்பாளம் போல இலை விரிக்கும் ராட்சத அல்லியும், தலைநகர் போர்ட் லூயிஸும் அரை மணி நேரத்துக்குள்.

போர்ட் லூயிஸில் ஆப்பிரவாசி காட்டை விட்டுவிடாதீர்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறிய பதினாறு படிகள் அங்கே இன்னும் இருக்கின்றன. 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்வார். நான் அந்தப் படிகளின் கீழேயே அதைவிட நேரம் நின்றேன்.

அப்படியே மத்தியச் சந்தைக்குள் நுழைந்து காய்கறிக்காரரிடம் காது கொடுங்கள். கொத்தமல்லிக்கு அங்கே பேசும் கிரியோல் மொழியில் ‘கொத்தொமிலி’, கறிவேப்பிலைக்கு ‘கரிபுலே’, முருங்கைக் கீரைக்கு ‘ப்ரெட் முரூம்’, ரசத்துக்கு ‘ரஸோன்’. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

வடக்கின் குறை இரண்டு. ஒன்று, கூட்டம், கிராண்ட் பே விரிகுடா நிறையப் படகுகள் நிற்பதால் அங்கேயே குளிப்பது சுகமில்லை, பெரிபேருக்கோ த்ரூ ஓ பிஷ்ஷுக்கோ நகர வேண்டும். இன்னொன்று, தீவின் அழகான மலைகள் எல்லாம் எதிர்முனையில். ஏழு நிற மண் இருக்கும் ஷாமரேலுக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், நடுவில் போர்ட் லூயிஸ் நெரிசல். ‘தெற்குச் சுற்றுலா’ என்று பட்டியலில் எழுதியிருக்கும் நாளில் பாதி நேரம் வண்டிக்குள்தான்.

## மேற்கு: ஃபிளிக் அன் ஃபிளாக் முதல் லெ மோர்ன் வரை

ஒரே ஒரு கரைதான் சொல்ல வேண்டும், எந்த மாதம் என்று சொல்ல மாட்டேன் என்று யாராவது அடம்பிடித்தால் மேற்கு என்று சொல்லிவிடுவேன். மழை குறைவு, காற்று மறைவு, மாலையில் கடலுக்குள் இறங்கும் சூரியன். ஃபிளிக் அன் ஃபிளாக்கின் நீண்ட மணலை ஒட்டிச் சவுக்குத் தோப்பு. ஞாயிறன்று உள்ளூர்க் குடும்பங்கள் பிரியாணிக் குண்டானோடு வந்து நிழலில் உட்காரும், சிலர் மேளம் அடித்து செகா என்ற உள்ளூர் நடனம் ஆடுவார்கள். கடற்கரைகள் பொதுச் சொத்து என்பதால் பெரிய ஹோட்டல் வாசலிலும் அவர்கள் நடக்கலாம், நீங்களும் நடக்கலாம். வண்டியில் விற்கும் தோல் பூரியை இங்கே சாப்பிடுங்கள்: வெந்த கடலைப்பருப்பைத் தூளாக்கி உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி, நம் பருப்புப் போளியின் காரமான தங்கை.

தெற்கே போகப் போக நிலம் மாறும். தமரீன் விரிகுடாவில் விடியற்காலை டால்பின் பார்க்கப் படகு கிளம்பும். ஒரு கூட்டம் டால்பினை இருபது படகு துரத்துவதைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டாம் முறை போக மனம் வரவில்லை. அதற்கப்பால் 556 மீட்டர் செங்குத்தாக நிற்கும் லெ மோர்ன். தப்பியோடிய அடிமைகள் இந்தப் பாறையின் பொந்துகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1இல் விடுதலைச் செய்தி சொல்ல வந்தவர்களை, தங்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது செவிவழிக் கதை. மேலே ஏறும் பாதையின் கடைசிப் பகுதி கையும் காலும் ஊன்றி ஏற வேண்டியது. உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் பாதியில் நின்றாலே காட்சி கிடைக்கும்.

லெ மோர்ன் முனை மேற்கில் இருந்தாலும் காற்றுக்கு மறைவில்லை. பட்டம் கட்டி அலையில் சறுக்கும் விளையாட்டுக்கு உலகெங்கிலுமிருந்து ஆள் வருவது அதனால்தான். ‘மேற்குக் கரை, காற்றிருக்காது’ என்று நம்பி ஆகஸ்டில் அங்கே அறை போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: விளம்பரங்களில் வரும் ‘கடலடி அருவி’. மணலும் வண்டலும் கடல்தரைச் சரிவில் இறங்குவது மேலிருந்து பார்த்தால் அருவி போலத் தோன்றும் கண்மயக்கு அது. ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ ஏறினால்தான் தெரியும். கரையில் நின்றால் வெறும் கடல். அதற்கென்று லெ மோர்னில் தங்குவதில் அர்த்தமில்லை, பறக்கும் செலவைத் தனியாக எடுத்து வைப்பதில் அர்த்தமுண்டு.

மேற்கின் பெரிய வசதி, மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. ஷாமரேலின் ஏழு நிற மண், அருகே அருவி, கருநதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா எல்லாம் முக்கால் மணி நேரத்துக்குள். ஏழு நிற மண் பெரிய பாலைவனம் இல்லை, வேலி போட்ட ஒரு மேட்டு நிலம். எரிமலைப் பாறை மக்கிக் களிமண்ணாகி, இரும்பும் அலுமினியமும் பிரிந்து படிந்ததில் வந்த நிறங்கள். உச்சி வெயிலில் வெளிறித் தெரியும், காலையிலேயே போய்விடுங்கள்.

## கிழக்கு: பெல் மார், த்ரூ தோ தூஸ்

நான் உதை வாங்கிய கரை. ஆனாலும் இதை ஒதுக்கிவிட மாட்டேன்.

பெல் மாரின் மணல் தீவிலேயே நேர்த்தியானது, கிலோமீட்டர் கணக்கில் நீள்வது. கடலிலிருந்து சூரியன் எழும். இல் ஓ செர்ஃப் தீவுக்குப் படகேறும் த்ரூ தோ தூஸ் பக்கத்திலேயே. மற்றக் கரைக்காரர்கள் விடியலில் எழுந்து வேனில் வந்து சேரும்போது நீங்கள் முதல் படகில் போய்விட்டிருப்பீர்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கதை தலைகீழ். அது அவர்களுக்குக் கோடை. வடக்கிலும் மேற்கிலும் 30 டிகிரிக்கு மேல் புழுக்கம், இலை அசையாது. கிழக்கில் மட்டும் காற்று வீசிக்கொண்டிருக்கும். ஜூலையில் நான் திட்டிய அதே காற்று ஜனவரியில் வரம்.

ஹோட்டல்கள் தனித்தனியே, கரும்புக்காட்டின் நடுவே. வெளியே போக டாக்சிதான், சாப்பாடு உள்ளேதான். காலையும் இரவும் மட்டும் சாப்பாடு தரும் ‘ஹாஃப் போர்டு’ எடுத்தவர்கள் மதியம் என்ன செய்வது என்று விழிப்பது இங்கேதான் அதிகம். கிழக்குக்கு மூன்று வேளையும் சேர்ந்த திட்டமே கடைசியில் மலிவு. வடக்கிலோ ஃபிளிக் அன் ஃபிளாக்கிலோ காலை உணவு மட்டும் எடுத்தால் போதும். சைவம் சாப்பிடுபவர்கள் அறை போடும் முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஏழு நாளும் பாஸ்தா.

## தெற்கு: பெலோம்ப்ர், சூயாக், ப்ளூ பே

பச்சை அதிகம், ஆள் குறைவு. பெலோம்ப்ரில் மலையடிவாரமும் கடலும் ஒட்டி நிற்கும் சில பெரிய ரிசார்ட்டுகள். புத்தகமும் கையுமாக நாலு நாள் கிடக்க நினைப்பவர்களுக்கு. சூயாக் அருகே கிரி கிரியில் பவள வளையம் அறுந்துவிடுகிறது. இந்தியப் பெருங்கடல் நேராக வந்து கரும்பாறையில் அறைவதைத் தீவில் பார்க்க முடிகிற இடம் அது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இறங்கக் கூடாது.

தென்கிழக்கு மூலையில் ப்ளூ பே கடல் பூங்கா. கண்ணாடி அடித்தளப் படகில் போனால் நீந்தத் தெரியாதவர்களும் பவளம் பார்க்கலாம். 2020 ஜூலையில் வகாஷியோ கப்பல் தட்டி எண்ணெய் கொட்டிய பாறை இதற்கு அருகில்தான். விமான நிலையம் கால் மணி நேரம் என்பதால், இரவில் இறங்குபவர்களும் அதிகாலையில் பறப்பவர்களும் ஓர் இரவு இங்கே தங்கினால் தூக்கம் மிச்சம். ஓடுபாதை பக்கம் என்பதால் விமானச் சத்தமும் உண்டு.

நடுமேட்டில் தங்கலாமா என்றால், வேண்டாம். கியூர்பிப்பில் எரிமலை வாய், கங்கா தலாவில் வாய்க்குள் தேங்கிய ஏரியும் 33 மீட்டர் சிவனும், புவா ஷேரி தேயிலைத் தோட்டம் என்று ஒரு நாளுக்குப் பார்க்க நிறைய உண்டு. குடையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு போய்விட்டு இறங்கிவிடுங்கள். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் காவடி சுமந்து நடக்கும் பக்தர்களால் கங்கா தலாவுக்குப் போகும் சாலைகள் நிறைந்துவிடும்; கும்பிடப் போவதானால் அருமை, வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் வேறு நாள்.

## பட்டியலில் வராத செலவுகள்

முதலில் வண்டி. பாக்கேஜில் வரும் சுற்றுலாக்கள் பலரோடு பகிரும் வேனில். நாலு ஹோட்டலில் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பவே ஒரு மணி நேரம் போகும். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நம்மவர்களுக்குக் கார் வாடகைக்கு எடுப்பது எளிது. மூன்று பேருக்கு மேல் இருந்தால் டாக்சியைவிட மலிவாகவே முடியும். வெட்டுக் காலத்தில், அதாவது ஜூன் முதல் டிசம்பர் வரை, கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மெட்ரோ போர்ட் லூயிஸிலிருந்து மேட்டு நகரங்களுக்குத்தான், கடற்கரைக்கு வராது.

அடுத்து புயல். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதன் காலம், ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். எச்சரிக்கை நான்கு படிகள். மூன்றாம் படி வந்தால் யாரும் வெளியே வரக் கூடாது, விமானமும் நிற்கும். அந்த மாதங்களில் அறை விலையில் பார்த்த சலுகையிலிருந்து பயணக் காப்பீட்டுக்கு ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவு விருந்துக்குப் பல ஹோட்டல்கள் கட்டாயக் கூடுதல் கட்டணம் வாங்கும், முன்பே கேளுங்கள்.

சின்னச் செலவு ஒன்று, பெரிய வலியைத் தவிர்ப்பது: ரப்பர் அடி வைத்த நீர்ச் செருப்பு. லகூன் தரையில் பவளத் துண்டும் முள்ளுள்ள உயிரிகளும் கிடக்கும். ஊரிலேயே வாங்கிப் போங்கள், ரிசார்ட் கடையில் விலை கேட்டால் வெறுங்காலே மேல் என்று தோன்றும்.

‘இரண்டு கரையில் மூன்று மூன்று இரவு’ என்பது ஆசை காட்டும் வழி. ஏழு நாளுக்குக் குறைந்தால் செய்யாதீர்கள். இடம் மாறும் நாளில் காலை காலி செய்து மதியம் அறை கிடைக்கும்வரை பெட்டியோடு உட்கார்ந்திருப்பீர்கள். குறைந்தது இத்தனை இரவு தங்கினால்தான் என்ற நிபந்தனையோடு வரும் தேனிலவுச் சலுகையும் பறிபோகும்.

## மூவருக்கும் நான் சொன்னது

ஜனவரித் தம்பிக்கு: பெல் மார், எல்லா வேளைச் சாப்பாட்டோடு, காப்பீட்டோடு. மழை வந்தால் வரட்டும், பெரும்பாலும் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். புழுக்கத்தில் சண்டை போடுவதற்கா தேனிலவு.

மே மாதக் குடும்பத்துக்கு: த்ரூ ஓ பிஷ், சமையலறை உள்ள அடுக்ககம், வாடகைக் கார். மழை குறைந்து, காற்று இன்னும் ஏறாமல், கடல் வெதுவெதுப்பு மாறாமல் இருக்கும் மாதம் அது. எந்தக் கரையும் தவறில்லை என்பதால் மாமனாருக்குக் கோயிலும் காபியும் கிட்டே இருக்கும் கரையைத் தேர்ந்தோம். ஷாமரேல் நாளன்று மட்டும் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுங்கள் என்றேன். “பிள்ளைகளை ஏழு மணிக்கா?” என்று சிரித்தார். சரி, எட்டு.

ஆகஸ்ட் நண்பர்களுக்கு: ஃபிளிக் அன் ஃபிளாக். கடல் அப்போது 22, 23 டிகிரிதான், இறங்கியதும் குளிர் உறைக்கும். நால்வரில் ஒருவர் பட்டச் சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்று நின்றார். அவரை மட்டும் காலையில் லெ மோர்னில் இறக்கிவிட்டு, மற்ற மூவரும் மலையைச் சுற்றிவிட்டு மாலையில் அள்ளிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. கார் யார் ஓட்டுவது என்பதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.